சொந்த ரத்தமே காட்டிக்கொடுக்கும்

பெங்களூரில் டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சல் வந்தவர்கள் எல்லோருக்கும் சிபிசி என்ற ரத்த அணுக்களை எண்ணும் சோதனையின் ரிப்போர்ட் பழக்கமானதுதான். பிளேட்லெட் எண்ணிக்கையைத் தேடும் அவசரத்தில், அதே தாளில் பிசிவி என்று இருக்கும் வரியைப் பலர் கவனிப்பதில்லை. ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணு என்று சொல்லும் எண் அது. ஹெமட்டோகிரிட் என்பதும் இதுதான். ஆண்களுக்குப் பெரும்பாலும் 40க்கும் 50க்கும் இடையில் இருக்கும். சைக்கிள் பந்தயத்தின் பெரிய மோசடிகள் பல இந்த எண்ணைச் சுற்றித்தான் நடந்தன.

தசைக்கு ஆக்ஸிஜனைச் சுமந்து போவது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். நந்தி மலையின் கடைசி வளைவுகளில் மூச்சிரைக்க மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைக் குறுக்கு வழியில் கூட்ட இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, ஈபிஓ. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு தயாரிக்கத் தூண்டும் ஹார்மோன் இது. நம் சிறுநீரகமே சுரக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்காகச் செயற்கையாகத் தயாரித்ததை வீரர்கள் போட்டுக்கொண்டார்கள். இன்னொன்று, தன் ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்திருந்து, பந்தயத்துக்கு முன் திரும்ப ஏற்றிக்கொள்வது.

1997இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ, ஹெமட்டோகிரிட் 50ஐத் தாண்டக்கூடாது என்று விதித்தது. 1999இல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் முன்னணியில் இருந்த மார்கோ பாந்தானி, இரண்டே கட்டங்கள் மீதி இருந்தபோது 52 காட்டியதால் வெளியேற்றப்பட்டார். ஆனால் அந்த விதி ஓட்டை. இயல்பாக 42 உள்ளவர் 49 வரை ஏற்றிக்கொண்டு தைரியமாகப் போகலாம். சலைன் ஏற்றினால் ரத்தம் நீர்த்து எண் இறங்கிவிடும். டெங்குவில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கசிவதால், புதிதாக ஒரு அணுகூட உருவாகாமலே பிசிவி ஏறுகிறதே, அதையும் நினைத்துப் பாருங்கள்.

2000இல் ஈபிஓவுக்குச் சிறுநீர்ச் சோதனை வந்தது. அப்புறம் பலர் ரத்தப் பைக்குத் திரும்பினார்கள். அடுத்தவர் ரத்தம் என்றால் சோதனையில் தெரிந்துவிடும். சொந்த ரத்தத்தில் அந்நியமாக எதுவும் இல்லையே! 2006இல் மாட்ரிட்டில், வீரர்களுக்கு ரத்தம் ஏற்றிவந்த மருத்துவர் ஃபுவென்டெஸின் ரத்தப் பைகளைப் பிடித்தது போலீஸ். எந்த ஊக்கமருந்துச் சோதனையும் அல்ல.

2008இல் யூசிஐ கொண்டுவந்த பயாலஜிக்கல் பாஸ்போர்ட் கேள்வியையே மாற்றியது. உள்ளே என்ன மருந்து போனது என்று தேடுவதை விட்டு, உடம்பு எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தது. இதில் முக்கிய சாட்சி ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணு. வழக்கமாக மொத்தச் சிவப்பணுக்களில் சுமார் 1 சதவீதம். ரத்தத்தை எடுத்தால் இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை வேகமெடுக்கும், இளம் அணுக்கள் கூடும். திரும்ப ஏற்றினால், ஆக்ஸிஜன் தாராளமாக இருப்பதை உணர்ந்து சிறுநீரகம் ஈபிஓவைக் குறைத்துவிடும். மஜ்ஜை மந்தமாகும், இளம் அணுக்கள் குறையும். எடுத்தாலும் தடயம், ஏற்றினாலும் தடயம்.

ஹீமோகுளோபினையும் ரெட்டிகுலோசைட்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதிலிருந்து, ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 150 கிராமும் 1 சதவீதமும் இருந்தால் விடை 90. அதே ஆளுக்கு 165 கிராமும் 0.25 சதவீதமும் வந்தால் 135. அணு ஏகப்பட்டது இருக்கிறது, மஜ்ஜையோ தூங்குகிறது!

ஒவ்வொருவரையும் அவருடைய பழைய எண்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு இதுதான் இந்த முறையின் நேர்மை என்று படுகிறது. பிறவியிலேயே ஹீமோகுளோபின் அதிகம் உள்ளவர் இதில் தண்டிக்கப்படமாட்டார். மூன்று வாரப் பந்தயத்தில் பிளாஸ்மா பெருகி ஹீமோகுளோபின் அளவு இறங்குவது இயல்பு. இறங்காமல் அப்படியே நின்றால் சந்தேகம் வரும். இந்த எண்களின் வரைபடம் விசித்திரமாக இருந்தால், அது எந்த வீரருடையது என்று தெரியாமலே நிபுணர்கள் ஆராய்வார்கள். இத்தாலிய வீரர் பெல்லிஸோட்டிக்கு 2011இல் இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது இந்த வரைபடத்தை வைத்துத்தான். எந்த மருந்தும் அவரிடம் பிடிபடவில்லை.

மிகச் சிறிய அளவில் ஈபிஓ போட்டுக்கொள்பவர்களைப் பிடிப்பது இன்றும் கஷ்டம்தான். அதனால் ரத்தம் எடுக்கும் விதத்திலேயே கறாராக இருக்கிறார்கள். வீரர் 10 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நின்றால் பிளாஸ்மா அளவு மாறிவிடும். அண்மையில் உயரமான இடத்தில் தங்கினீர்களா, ரத்தம் இழந்தீர்களா என்றும் படிவத்தில் கேட்பார்கள். பெங்களூரிலிருந்து ஊட்டிக்குப் பயிற்சிக்குப் போய்வந்த வீரரோ, முகாமில் ரத்ததானம் செய்தவரோ அதை மறக்காமல் எழுத வேண்டும். இரண்டுமே ரெட்டிகுலோசைட் எண்ணை நியாயமாகவே மாற்றக்கூடியவை.