ஸ்ட்ரெஸை நெருக்கீடு என்று சொல்லுங்கள், எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ ஆக்காதீர்கள்

அக்காவுக்கு வயது 49. போன மாதம் முழு உடல் பரிசோதனைக்குப் போய்விட்டுக் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். நடுத்தர வயதுப் பெண்களுக்கென்று அச்சடித்தது. அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘தீராத மன அழுத்தம் உங்கள் செரிமானத்தைக் குறைத்து எடையைக் கூட்டுகிறது.’ படித்துவிட்டு, “எனக்கு மனசுல என்ன இருக்கு? வயித்துலயும் ஒரு கோளாறும் இல்ல” என்று மடித்து மளிகைச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டாள்.

அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். மாமியார் இரண்டு வருடமாகப் படுக்கையில். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்காரர் கடையில் வியாபாரம் மந்தம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 112. ஜாக்கெட்டின் உள்தையலை இரண்டு தடவை பிரித்துவிட்டாயிற்று. அந்தப் பிரசுரம் இவளுக்காகவேதான் எழுதப்பட்டது, ஆனால் இவளிடம் போய்ச் சேரவில்லை. க்ரானிக், ஸ்ட்ரெஸ், மெட்டபாலிசம் என்ற ஆங்கிலச் சொற்களுக்குப் போட்ட மூன்று தமிழ்ச் சொற்கள் குறுக்கே நின்றுவிட்டன: தீராத, மன அழுத்தம், செரிமானம்.

‘தீராத’ என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். நாள்பட்ட இருமல், நாள்பட்ட புண் என்று நம் பாட்டிகள் காலத்திலிருந்து ஒரு நல்ல சொல் இருக்கிறது. நாள்பட்டது என்றால் நெடுநாளாக இருப்பது. தீராது என்று பொருள் இல்லை. நோயாளி கையில் கொடுக்கிற தாளில் ‘தீராத’ என்று எழுதுவது தவறு மட்டுமில்லை, கொடுமை. ‘செரிமானம்’ அதைவிடத் தப்பு. சோறு வயிற்றில் கரைவது செரிமானம். கரைந்த பிறகு உயிரணுக்களுக்குள் அது எரிவதும், தசையாகவும் கொழுப்பாகவும் சேர்வதும் மெட்டபாலிசம். அதற்கு வளர்சிதை மாற்றம் என்று பாடப்புத்தகத்திலேயே சொல் உண்டு. வளர்வதும் சிதைவதும் இரண்டுமே அதில் இருப்பதால் நன்றாகக் கட்டிய சொல் என்றே சொல்வேன். இலங்கையில் அனுசேபம் என்பார்கள்.

இப்போது என் முக்கியமான சண்டைக்கு, ‘மன அழுத்தம்’ என்பதற்கு வருகிறேன். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனில் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் இன்னல், கஷ்டம் என்ற பொருளில் வழங்கி, பிறகு பொறியியலில் பொருள்கள் தாங்கும் விசைக்குப் பெயரானது. நம் இயற்பியல் புத்தகத்தில் அதைத் தகைவு என்கிறோம். உடலுக்கு இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்த்தவர். 1936ல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரையில் எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும், நஞ்சு கொடுத்தாலும் ஒரே மாதிரி விளைவைக் கண்டதாகச் சொன்னார்: சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, மார்புக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையில் புண் வருகிறது. பின்னாளில் இதற்குத்தான் ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். அவர் அறுத்துப் பார்த்தது சுரப்பியையும் இரைப்பையையும். இதில் ‘மன’ எங்கிருந்து வந்தது?

நாம்தான் ஒட்டவைத்தோம். அழுத்தம் என்ற சொல் ஏற்கெனவே இரத்தத்துக்கும் வானிலைக்கும் போய்விட்டதால், வேறுபடுத்திக் காட்ட முன்னால் ஒரு ‘மன’ போட்டார்கள். அதனால் இரண்டு கெடுதல் வந்தது. ஒன்று, உடலில் நடப்பது மொத்தமும் மறைந்துபோனது. நெருக்கடி நாள்பட நீடித்தால் அந்த அட்ரினல் சுரக்கிற கார்டிசால் என்கிற ஹார்மோன் கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்கிறது, இன்சுலினின் வேலையை மந்தமாக்குகிறது, கொழுப்பை வயிற்றுக்குள் சேர்க்கிறது. அக்காவின் வயதில்தான் மாதவிடாயும் நிற்கப்போகிறது. பெண்மைக்கான ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று சொல்வது இந்த உள்கொழுப்பை வைத்துத்தான். இவ்வளவும் உடம்பில் நடக்கும்போது, ‘மன அழுத்தம்’ என்று படிக்கிற பெண் தன் மனதைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று தாளை மடித்து வைக்கிறாள்.

இரண்டாவது கெடுதல் இதைவிடப் பெரியது. டிப்ரஷனுக்கும் மன அழுத்தம் என்றே எழுதுகிறார்கள். செய்தித்தாளைப் பிரித்தால் ஒரு பக்கத்தில் அலுவலக வேலையால் மன அழுத்தம், அடுத்த பக்கத்தில் சிகிச்சை தேவைப்படும் நோயாக மன அழுத்தம். அதற்கு மனச்சோர்வு என்று தெளிவான சொல் இருந்தும் இப்படி. இதனால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைக் காட்டுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 58 பெண்களுக்கு, சராசரி வயது 53, கொழுப்பு மிகுந்த ஒரு வேளை உணவைக் கொடுத்து அடுத்த 7 மணி நேரம் அளந்து பார்த்தது. 930 கலோரி, 60 கிராம் கொழுப்பு. முந்தின நாள் கணவரோடு வாக்குவாதம், பிள்ளைகளால் தொல்லை, வேலையில் சிக்கல் என்று ஏதாவது நடந்திருந்த பெண்கள், அப்படி எதுவும் இல்லாதவர்களைவிட 104 கலோரி குறைவாக எரித்தார்கள். இன்சுலினும் அவர்களுக்கு அதிகமாக ஏறியது. இப்படியே போனால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ ஏறலாம் என்று கணக்குச் சொன்னார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: டிப்ரஷன் முன்பு வந்திருந்து, முந்தின நாள் ஸ்ட்ரெஸும் இருந்த பெண்களுக்கு இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இன்னும் கூர்மையாக ஏறியது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிரசுரத்தின் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘முன்பு மன அழுத்தம் வந்து, நேற்று மன அழுத்தமும் இருந்தவர்களுக்கு’ என்று வரும். வாக்கியமே செத்துப்போகிறது. மொழிபெயர்த்தவர் இதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். படிப்பதில்லை, அதுதான் என் வருத்தம். அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுதுவது பஞ்சுமிட்டாய் விளம்பரமாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். இது மருத்துவம்.

சரி, வேறு என்ன சொல்வது? மன இறுக்கம் வேண்டாம், ஆட்டிசத்துக்கு அதைப் பலர் எழுதிப் பழகிவிட்டார்கள். மன உளைச்சல் என்றால் நஷ்டஈடு கேட்கும் வழக்குதான் ஞாபகம் வரும், தவிர அதிலும் ‘மன’ இருக்கிறது. தகைவு உலோகக் கம்பிக்கே இருக்கட்டும். டென்ஷன் பேச்சுக்குச் சரி, ஆனால் அது அந்த நிமிடத்துப் படபடப்பு. இரண்டு வருடமாக உடம்பை அரிப்பதை அது சொல்லாது.

இலங்கைத் தமிழர் உளநல எழுத்துகளில் வெகுநாளாக வழங்குகிற சொல் நெருக்கீடு. போரும் இடப்பெயர்வும் பார்த்த மக்களுக்காக எழுதியவர்கள் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன், ட்ராமா மூன்றுக்கும் நெருக்கீடு, மனச்சோர்வு, மனவடு என்று தனித்தனியாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நெருக்கு என்பது இறுக்குவதற்கு நெருங்கிய சொல் என்பதால் மூலப்பொருளும் பொருந்துகிறது. குறளில் வரும் இடுக்கண்ணையும் இடுக்கு என்பதோடு சேர்த்துப் பார்க்கலாம். துன்பத்தை இடம் குறுகிப்போவதாக நினைப்பது நமக்குப் புதிதில்லை. அப்புறம் இதில் இன்னொரு வசதியும் உண்டு. வெளியே இருந்து வருவது நெருக்கடி: பண நெருக்கடி, வேலை நெருக்கடி என்று நாமே சொல்கிறோம். அதனால் உடம்பிலும் மனதிலும் நடப்பது நெருக்கீடு. செல்யே விளைவுக்கு ஸ்ட்ரெஸ் என்று வைத்துவிட்டு, காரணத்துக்கு ஸ்ட்ரெஸ்ஸர் என்று வேறொரு சொல்லைச் செய்ய வேண்டியிருந்தது. தமிழில் இரண்டும் தயாராகவே இருக்கின்றன.

நெருக்கீடு யாருக்குப் புரியும் என்று ஒரு நண்பர் கேட்டார். முதலீடு, ஒதுக்கீடு, இழப்பீடு எல்லாம் இதே அச்சில் வார்த்தவைதான், வங்கி வரிசையில் நிற்கிற எல்லோரும் சொல்கிறார்கள். ஒருமுறை விளக்கினால் போதும்.

நான் அந்த வரியை இப்படி மாற்றி எழுதி அக்காவிடம் கொடுத்தேன்: ‘நெடுநாளாகத் தூக்கமும் ஓய்வும் இல்லாமல் நெருக்கடியில் இருந்தால், மனம் தெம்பாக இருந்தாலும் உடம்பில் நெருக்கீடு சேரும். சாப்பிட்டது எரிவது குறையும், சர்க்கரை ஏறும், வயிற்றில் கொழுப்பு கூடும்.’ இரண்டு தடவை படித்தாள். “ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறதும் இதுல சேருமா?” என்று கேட்டாள். சேரும் என்றேன். வாரத்தில் மூன்று இரவு மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்படி மகனிடம் சொல்லப்போவதாக அப்போதே போனை எடுத்தாள்.