ஹோம் ஸ்டேஜிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

விற்கப்போகும் வீட்டை, பார்க்க வருபவர் ‘இங்கே குடிவரலாம்’ என்று நினைக்கும்படி ஒழுங்குசெய்து காட்டுவதுதான் ஹோம் ஸ்டேஜிங். விற்பனை முடிந்ததும் கலைந்துவிடும் தற்காலிக ஏற்பாடு இது.

‘ஸ்டேஜ்’ பழைய பிரெஞ்சின் ‘எஸ்தாஜ்’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர், ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஸ்தாரே’. (நம் காதுக்குப் பழகிய ‘ஸ்தானம்’ இதற்குத் தூரத்து உறவு.) கட்டடத்தின் மாடியையும் குறித்த சொல் இது, இன்றைய பிரெஞ்சிலும் ‘எத்தாஜ்’ என்றால் மாடிதான். ஆங்கிலத்தில் நாடகமேடை வரை போய், மறுபடி வீட்டுக்கே திரும்பிவிட்டது. வீட்டு விற்பனையில் இந்த முறையைத் தொடங்கிவைத்தவர் என்று அமெரிக்காவின் சியாட்டில் பகுதி முகவர் பார்ப் ஷ்வார்ஸைச் சொல்வார்கள், ஆண்டு 1972. சுவீடனில் இதற்கு ‘ஹோம்ஸ்டைலிங்’ என்று பெயர்.

தமிழில் பலரும் ‘வீட்டு அலங்காரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. அலங்காரம் சேர்ப்பது, இங்கே பாதி வேலை எடுப்பது. மேசை நாற்காலிகளில் மூன்றில் ஒரு பங்காவது வெளியேற வேண்டும், நடைவழி 75 முதல் 90 செ.மீ. வரை கிடைக்க வேண்டும். குடும்பப் படங்களும் பரிசுக் கோப்பைகளும் பெட்டிக்குள் போகட்டும். பார்க்க வருபவர் அலமாரியைத் திறக்காமல் போகமாட்டார். அது பிதுங்கி வழிந்தால் ‘இந்த வீட்டில் இடம் போதாது’ என்றே படும். அதற்காக அறையை முழுக்கக் காலிசெய்வதும் தவறு. ஒரு கட்டிலாவது கிடந்தால்தான் அறையின் அளவைக் கண் பிடிக்கும்; வெற்று அறை சிறிதாகத் தெரியும்.

‘மேடையேற்றம்’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் கேட்டவுடன் நாடகம்தான் நினைவுக்கு வரும். ‘ஒப்பனை’ அழகான சொல். ஆனால் முகப்பூச்சு போலக் குறையை மூடுவது என்ற நிழல் அதில் விழுகிறது, இந்த வேலையில் நடக்கும் பெரிய பிழையும் அதுவே. ஈரம் ஊறிய சுவரைக் கசிவை அடைக்காமல், காயவிடாமல் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் உப்புப் பூத்து, பூச்சு கொப்புளம் கொப்புளமாக உரியும். வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டால் மற்ற சுவர்களையும் தட்டிப்பார்ப்பார். வாசனைத் தெளிப்பானும் அப்படித்தான், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைக் கிளப்பும். பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் குளியலறைச் சாக்கடைப் பொறியில், அதாவது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவில், தண்ணீர் வற்றியது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் நாற்றம் வரும் வழி அடைபடும்.

எனவே வரிசை இது: பழுதுபார்ப்பது, வேண்டாததைக் கழிப்பது, துப்புரவு, பெயின்ட், விளக்கு, பொருள்களை அடுக்குவது, கடைசியில் விளம்பரத்துக்குப் புகைப்படம். பெயின்ட் வாடை போக ஓரிரு வாரம் விடுங்கள். ஓர் அறையில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பும் 6500 கெல்வின் வெள்ளைப் பல்பும் கலந்தால், படத்தில் ஒரே சுவர் இரண்டு நிறமாக விழும்.

எங்கள் பரிந்துரை ‘விற்பனைக் காட்சியமைப்பு’. நாடகத்தில் மேடைப் பின்னணி அமைப்பதைக் காட்சியமைப்பு என்றே சொல்கிறோம், ஆகவே மூலத்தின் மேடையும் உள்ளே இருக்கிறது. ‘மனைக் காட்சியமைப்பு’ வேண்டாம்: இன்று மனை என்றால் காலி நிலம். இதைச் செய்பவர் ‘காட்சியமைப்பாளர்’. பேச்சில் ‘வீட்டைப் பார்வைக்குத் தயார் பண்ணுவது’ என்றாலே போதும்.