இரவு இரண்டு இட்லி, காலையில் 178

"டாக்டரம்மா, ராத்திரி இரண்டு இட்லிதான் சாப்பிட்டேன். காலையில் 178 காட்டுகிறதே?" சர்க்கரை நோயாளிகளிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கூட வந்த மனைவியோ மகளோ, திருட்டுத்தனமாக ஏதோ தின்றிருப்பார் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்கள். பாவம், பல நேரங்களில் அவர் சொல்வது உண்மைதான். அந்தச் சர்க்கரை அவருடைய கல்லீரலிலிருந்து வந்தது.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே உடம்பு எழுந்திருக்க ஆயத்தமாகிவிடும். கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுதலாகச் சுரக்க, கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கத் தொடங்கும். எல்லோருக்கும் நடப்பதுதான் இது. நோயில்லாதவரின் கணையம் சற்று அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினும் போதாது, இருக்கிற இன்சுலினுக்குக் கல்லீரல் கட்டுப்படுவதும் இல்லை. படுக்கும்போது 130 இருந்தவருக்கு எழும்போது 170 ஆவது இப்படித்தான்.

இது தெரியாமல் பலர் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் தாமாகவே அரை மாத்திரை கூட்டிக்கொள்கிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவர் பட்டினியாகப் படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. தலையணை நனைகிற வியர்வை, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் சந்தேகப்படுங்கள். இரவில் சர்க்கரை தாழ்ந்தால் காலையில் எகிறும் என்று 1930களில் உயிர்வேதியியலாளர் மைக்கேல் சோமோகி சொன்னதைப் பாடமாகப் படித்தவர்கள் நாங்கள். தொடர்ந்து அளக்கும் கருவிகள் வந்த பிறகு, அப்படி நடப்பது அபூர்வம் என்று தெரிகிறது.

ஆகவே மாத்திரையில் கைவைக்கும் முன் மூன்று சர்க்கரை அளவுகள் எனக்கு வேண்டும்: படுக்கும்போது, இரவு மூன்று மணிக்கு, எழுந்தவுடன். இரண்டு, மூன்று இரவுகள் பார்த்தால் போதும், ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும். ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் கோடு போட்ட நோட்டில் மணி மணியாக எழுதிக்கொண்டு வந்தார். பத்து மணிக்கு 212, மூன்று மணிக்கு 198, ஆறு மணிக்கு 194. இதில் விடியலுக்குப் பங்கே இல்லை, படுக்கும்போதே ஏறியிருக்கிறது. விசாரித்தால், இட்லி கணக்கில் இருந்தது. மலச்சிக்கலுக்காகப் படுக்கும் முன் சாப்பிடும் இரண்டு பூவம்பழமும் சர்க்கரை போட்ட பாலும் கணக்கில் இல்லை. "அது சாப்பாடு இல்லையே அம்மா" என்றார்.

அவரைப் போன்றவர்கள் இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே வித்தியாசம் தெரியும். மூன்று மணிக்குச் சரியாக இருந்து ஆறு மணிக்கு மட்டும் ஏறுகிறவர்களுக்கு, கல்லீரலை அடக்கும் மெட்ஃபார்மின் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்ப்போம். அது மருத்துவரின் வேலை, பக்கத்து வீட்டுக்காரருடையது அல்ல. பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று விழிப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். தூக்கம் கெட்டாலும் காலைச் சர்க்கரை ஏறும்.

அளப்பதிலும் கோளாறு உண்டு. மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும். "கால் டம்ளர் காபிதான்" என்று குடித்துவிட்டு லேபுக்குப் போனால் அது வெறும் வயிறு ஆகாது. தண்ணீர் குடிக்கலாம்.

பொதுவாகக் காலையில் 80 முதல் 130 வரை இருந்தால் நல்லது. தனியாக வாழும் எண்பது வயதுப் பாட்டிக்கு நான் அவ்வளவு கறார் காட்டுவதில்லை, அவர் மயங்கி விழுந்தால் தூக்க ஆளில்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ஏழுக்குள் இருந்தால், என்றோ ஒரு காலை 150 காட்டியதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

மூன்று மணி அளவு 70-க்குக் கீழே இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். காலை மாத்திரையையோ ஊசியையோ மருத்துவரைக் கேட்ட பிறகே போட்டுக்கொள்ளுங்கள்.