சீரியல் செட்: சொல் விளக்கம்

கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டுவிழா மேடை எதுவானாலும் "சீரியல் செட் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஒரே ஒயரில் வரிசையாகத் தொங்கும் சின்ன வண்ண விளக்குகளுக்கு இந்தப் பெயர். சீரியல் லைட், சீரியல் பல்பு என்றும் சொல்வதுண்டு. இங்கிலாந்துக்காரரிடம் கேட்டால் ஃபேரி லைட் என்பார்.

நம் வழக்குக்குக் காரணம் மின்சுற்று. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், பல்பு தாங்குவதோ 6 வோல்ட். அதனால் 38, 40 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி மின்னழுத்தத்தைப் பங்கிட்டார்கள். பள்ளிப் பாடத்தில் வரும் தொடர் இணைப்பு இதுதான். ஒரு பல்பு பியூஸ் போனால் மொத்த வரிசையும் அணையும். எது போனது என்று டெஸ்டரோடு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது மேடைக்காரர்களின் நிரந்தரத் தலைவலி.

லத்தீனில் 'செரெரே' என்றால் கோத்தல், பிணைத்தல். அதிலிருந்து சீரீஸ், அதன் வழியே சீரியல். டிவி சீரியலும் இதே வேர்தான். பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் மட்டும் வேறு குடும்பம். அது செரீஸ் என்ற ரோமானியத் தானிய தேவதையிடமிருந்து வந்தது.

சரி, இன்று வீட்டிலேயே ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) வைத்து மேடை விளக்கு செய்பவர்கள் வாங்குவது டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி பட்டை. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிப் இருக்கும். இதில் மின்சாரம் தொடராகப் போவதில்லை. எல்லா விளக்குக்கும் அதே 5 வோல்ட், அதாவது பக்க இணைப்பு. அப்படியானால் 'சீரியல்' பொய்யாகிவிட்டதா? இல்லை. தொடராகப் போவது இப்போது தகவல். ஆர்டுயினோவின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் சிப்பின் ஒரே இணைப்புக் காலிலிருந்து நிறக் குறிப்புகள் வரிசையாகக் கிளம்பும். முதல் விளக்கு தனக்குரிய 24 பிட் நிறக் குறிப்பை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ விநாடி. 100 விளக்குக்கு 3 மில்லி விநாடி. கண்ணுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நிறம் மாறியது போலத்தான் தெரியும். நடுவில் ஒரு விளக்கின் சிப் செத்தால் அதற்குப் பின்னால் இருப்பவை எதற்கும் தகவல் போகாது. பழைய தலைவலியில் பாதி இன்னும் மிச்சம்!

தமிழில் என்ன சொல்லலாம்? 'தொடர் விளக்கு' சுற்றுக்குப் பொருந்தும், பொருளுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 'சரவிளக்கு' அழகான சொல், ஆனால் அதைக் கூரையில் தொங்கும் கண்ணாடி விளக்குக்குக் கொடுத்துவிட்டோம். சொற்களின் வரிசையை மாற்றினால் குழப்பமில்லை: விளக்குச்சரம். முத்துச்சரம், பூச்சரம் போலக் கோத்தது என்ற பொருள் தானே வந்துவிடுகிறது. லத்தீன் வேரும் அதைத்தான் சொல்கிறது. மைக்ரோகண்ட்ரோலருக்கு நுண்கட்டுப்படுத்தி என்ற சொல் இருக்கிறது. நுண்செயலி வேறு, அது மைக்ரோபிராசசர். இரண்டையும் கலக்கக் கூடாது.

செய்முறைக் குறிப்பு எழுதும்போது மட்டும் 'தொடர்' என்று மொட்டையாக விடாதீர்கள். மின்சாரம் பக்க இணைப்பில், தகவல் தொடர்முறையில் என்று பிரித்து எழுதுங்கள். முழு வெள்ளையில் ஒரு விளக்கு ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 100 விளக்குக்கு 6 ஆம்பியர். அவ்வளவையும் ஒரு முனையிலிருந்து கொடுத்தால் போகப் போக வோல்ட் குறைந்து, கடைசி விளக்குகளில் வெள்ளை மஞ்சளடித்துச் செம்மையாகும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் வேண்டும் என்பதுதான் காரணம். ஆகவே 5 வோல்ட் ஒயரைப் பட்டையின் இரு முனைகளிலும் இணைக்க வேண்டும். தகவல் ஒயர் மட்டும் பட்டையில் அச்சிட்ட அம்புக்குறி தொடங்கும் முனையில், ஒரே இடத்தில்.