டார்ச்சர்

"அடியெல்லாம் இல்லக்கா, டார்ச்சர் மட்டும்தான்." உசிலம்பட்டிப் பக்கம், கர்ப்பிணிகள் செக்கப் நாளில் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். ஏழு மாதம். வளைகாப்பு வளையல் ஒரு கையில் நிறைய, இன்னொரு கையில் ரெண்டே ரெண்டு. மிச்சம் எங்கே என்று நான் கேட்கவில்லை.

அந்த 'மட்டும்' என்னை உறுத்தியது.

இலத்தீனில் முறுக்குவதைக் குறித்த வினையிலிருந்து பிறந்த சொல் டார்ச்சர். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து, இப்போது கொசுவும் டார்ச்சர், மாட்டுத்தாவணி டிராபிக்கும் டார்ச்சர். இப்படி இளைத்துப்போனதால்தான் அவளால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

தமிழில் என்ன சொல்வது? சித்திரவதை என்பார்கள், பல விதமாய் வதைப்பது. அது போலீஸ் லாக்கப் வாசனை அடிக்கும் சொல். சட்டத்தில் 'குடும்ப வன்முறை'. சரியான சொல்தான், ஆனால் வன்முறை என்றதும் நம் ஆட்களுக்கு அடிதடிதான் நினைவுக்கு வரும். 2005ஆம் ஆண்டுச் சட்டமோ உடல், பாலியல் துன்பங்களோடு சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதையும், செலவுக்குக் காசு தராமல் முடக்குவதையும் சேர்த்தே எண்ணுகிறது. "இது என் புள்ளதானா?" என்ற கேள்வியும், அம்மா வீட்டுக்குப் போன் பேசவிடாததும் அதற்குள் அடங்கும்.

எனக்குப் பிடித்தது நம்ம 'கொடுமை'தான். கொடு என்றால் வளைவு. கொடுவாள் வளைந்த வாள், கொடுமரம் வில், நேர்மை தவறிய ஆட்சி கொடுங்கோல். அங்கே முறுக்கல், இங்கே வளைத்தல். எங்கோ இருந்த ரெண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. மாமியார் கொடுமை, வரதட்சணைக் கொடுமை என்று ஏற்கெனவே புழங்குவதுதானே? 'கொடுமை மட்டும்தான்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துக்கொள்ளாது.

வயிற்றில் பிள்ளையோடு இதைத் தாங்குகிறவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பிறகும் அது தொடரலாம். குறைமாதப் பிறப்புக்கும் எடை குறைந்த குழந்தைக்கும்கூடத் தொடர்பு உண்டு. சிக்கல் என்னவென்றால், தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காதது, சும்மா அழுகை எல்லாவற்றையும் 'புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்' என்று வீடே ஒதுக்கிவிடும். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் பண்ணலாம் என்று அவளிடம் சொன்னேன். எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், எழுதிக்கொள்ளவில்லை.

அப்புறம் அவள் முறை வந்தது. "நல்லாத் தூங்குறியாம்மா?" என்றார் நர்ஸ்.

"புள்ள உதைக்குதுக்கா, அதான் தூக்கம் வரல."