பந்துக்கு ஒரு தடுப்பு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு சரிவான தெருவை அளந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் ‘மூணு டின்’ ஆட வந்தார்கள். காலி மீன் டின்களை அடுக்கிப் பந்தால் அடித்துச் சரிக்கும் ஆட்டம். டின்னை அடுக்குவதற்கு முன்னால் ஒரு பையன் தெருவின் கீழ்க்கோடியில் இரண்டு செங்கல்லை வைத்துவிட்டு வந்தான். பந்து தப்பினால் மெயின் ரோடு வரை போய்விடுமாம். குடியிருப்பு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. அந்தச் செங்கல் நான் வைத்திருக்க வேண்டியது.

இந்தியர்களுக்குத் தனிப் பகுதி என்று ஒதுக்கிய 1950ஆம் ஆண்டு நிறவெறிச் சட்டத்தால் வந்த ஊர் இது. 1960களில் இங்கே குடியேற்றப்பட்டவர்களில் மேகசின் பாரக்ஸ் என்ற பழைய குடியிருப்பின் மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அங்கே வளர்ந்த ஆயா ஒருவர், “நெருக்கடிதான் தம்பி. ஆனா எந்தப் பிள்ளை எங்க நிக்குதுன்னு எல்லா அம்மாவுக்கும் தெரியும்” என்றார்.

இங்கே மேட்டை வெட்டி வீடுகளை அடுக்கினார்கள். வரைபடத்தில் பச்சை அடித்த ‘திறந்தவெளி’, பல இடங்களில் வீடு கட்ட முடியாத பள்ளம். (எங்கள் தொழிலில் பச்சை பென்சிலுக்கு வெட்கமே கிடையாது.) அப்புறம் கார் நிறுத்த முன்வாசலுக்குச் சிமென்ட் போட்டார்கள், திருட்டுக்குப் பயந்து சுவரை ஏற்றினார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து தெரு மறைந்துபோனது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திட்டத்தில் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் கடைசி மூலையில் வைத்தேன். எந்த ஜன்னலும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனால் ஊஞ்சலடியில் பீர் பாட்டில். பிள்ளைகளோ படிக்கட்டுக்குக் கீழே, இரண்டு கார் நிற்கும் அளவுச் சமதளத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி மூன்று வீட்டுச் சமையலறைகள்.

வண்டி வேகமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஊருக்குள் பொது வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர், இறக்கத்தில் வண்டியின் வேகம் தானாகவே ஏறும். நெதர்லாந்தில் 1976லேயே ‘வூனெர்ஃப்’ தெருக்களுக்குச் சட்டம் வந்துவிட்டது: கார் நடைவேகத்தில்தான் போக வேண்டும், பிள்ளைகள் தெருவிலேயே ஆடலாம். வெறும் பலகை நட்டு அதைச் சாதிக்கவில்லை. தெருவையே வளைத்து, மரத்தையும் பெஞ்சையும் வழியில் வைத்தார்கள்.

சுவர் கட்டப்போகிறவர்கள் இடுப்புக்கு மேல் கம்பிக் கிராதி போடுங்கள். உள்ளே குதித்த திருடனும் வெளியே தெரிவான்.

அந்தத் தெருக்கோடியில் ஒரு சமதளமும் கீழ்ப்பக்கம் உட்காரும் உயரத்தில் ஒரு திண்ணைச் சுவரும் வரைந்திருக்கிறேன். செங்கல் வைத்த பையனிடம் காட்டினேன். எவ்வளவு உயரம் என்று கேட்டான். முட்டியைத் தொட்டுக் காட்டினேன். போதாது என்று தலையாட்டிவிட்டு, தன் இடுப்பில் கையை வைத்தான்.