ஐந்து இடத்தில் ஆடுபவருக்கு எந்த இடம்?

2020 பிப்ரவரி இறுதியில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைச் சோதித்துப் பார்க்க இண்டியானாபொலிஸில் நடத்திய கம்பைன் முகாமில், ஐசயா சிம்மன்ஸைச் சூழ்ந்த நிருபர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எந்த இடத்து ஆட்டக்காரர்? 'டிஃபன்ஸ்', அதாவது தடுப்பாட்டம், என்று சொல்லிவிட்டார் அவர். தட்டிக்கழிக்கிற பதில் போலத் தோன்றும். ஆனால் உண்மை அதுதான். முந்தைய பருவத்தில் கிளெம்சன் பல்கலைக்கழக அணிக்காக அவர் லைன்பேக்கராக ஆடினார், ஸ்லாட்டில் கார்னர்பேக் வேலை பார்த்தார், கடைசி வரிசையில் சேஃப்டியாக நின்றார், சில சமயம் நேராக, பந்தை எறிந்து பாஸ் போடும் எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் மேலேயே பாய்ந்தார். கல்லூரி அளவில் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதும் அந்த ஆண்டு அவருக்கே. ஆறடி நாலங்குல உயரம், 108 கிலோ எடை. இந்த உடம்போடு 40 கெஜத்தை 4.39 விநாடியில் ஓடிக் காட்டினார்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை 32 தொழில்முறை அணிகள் ஏழு சுற்றுகளில் வரிசையாக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. களத்தில் தடுப்பு அணிக்குப் பதினொரு பேர். முன்வரிசை மல்லுக்கட்டும். அதற்குப் பின்னால் லைன்பேக்கர்கள். ஓரங்களில் பந்து பிடிக்க ஓடும் ரிசீவர்களைக் கார்னர்பேக்குகள் ஒட்டி ஓடுவார்கள். எல்லாருக்கும் பின்னால் சேஃப்டிகள். ஓரத்து ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்லாட். இன்றைய ஆட்டத்தில் பெரிய தலைவலி அங்கேதான். அங்கே நிற்பவர் குட்டையான, வழுக்கி ஓடும் ரிசீவரையும் துரத்த வேண்டும். முன்வரிசையை ஒட்டி நின்று பந்தும் பிடிக்கிற நூற்றுப் பத்துக் கிலோ டைட் எண்டையும் சமாளிக்க வேண்டும்.

ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அணிக்கு இரட்டை லாபம். எதிரணி ஆட்களை மாற்றினாலும் நாம் மாற்ற வேண்டியதில்லை. அவர் எந்த வேலைக்கு நிற்கிறார் என்று குவார்ட்டர்பேக்குக்குப் பந்து கைக்கு வரும்வரை தெரியாது. சிம்மன்ஸை ஆதரித்தவர்கள் சொன்னது இதைத்தான். எதிர்த்தவர்கள், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது என்றார்கள். இரண்டு தரப்புமே பேசியது உடலைப் பற்றியும் இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியும்தான். தலைக்குள் நடப்பதை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

இரண்டு ஆண்டு கழித்து இதே விவாதம் தலைகீழாக வந்தது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் கைல் ஹாமில்டன், சேஃப்டி. உயரம் அதே ஆறடி நாலங்குலம், எடை 100 கிலோ. அவரும் பல இடங்களில் ஆடக்கூடியவர். ஆனால் 40 கெஜத்துக்கு 4.59 விநாடி எடுத்துக்கொண்டார். உடனே 'வேகம் போதாது' என்ற பேச்சு கிளம்பியது.

இந்த 0.2 விநாடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 40 கெஜம் என்பது 36.6 மீட்டர். 4.39 விநாடிக்காரர் கோட்டைத் தாண்டும் நேரத்தில் 4.59 விநாடிக்காரர் ஏறக்குறைய 1.8 மீட்டர் பின்னால் இருப்பார். பாஸைத் தடுக்கும் ஆட்டத்தில் 1.8 மீட்டர் சின்ன விஷயமே இல்லை. ஆனால் இந்த ஓட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீரர் தானாக அசையும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. துப்பாக்கிச் சத்தம் கிடையாது, எதிர்வினை நேரம் கணக்கிலேயே வராது. நிஜ ஆட்டத்தில் அப்படியா? குவார்ட்டர்பேக்கின் தோள் திரும்புவதைப் பார்த்து, பந்து எங்கே போகும் என்று முடிவெடுத்து, அப்புறம்தான் கால் நகரும். அந்த முடிவை 0.2 விநாடி முன்னதாக எடுப்பவர் மெதுவாக ஓடினாலும் நேரத்துக்குப் போய்விடுவார். 2021 செப்டம்பரில் புளோரிடா ஸ்டேட் அணிக்கு எதிராக ஹாமில்டன் பறித்த பாஸ்களில் ஒன்று இதற்குக் கச்சிதமான சாட்சி. களத்தின் நடுவைத் தாண்டி மறுபக்க எல்லைக்கோடுவரை ஓடிவந்து பந்தைப் பறித்தார். பந்து கையைவிட்டுக் கிளம்பிய பிறகு ஓடத் தொடங்கியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

முடிவெடுக்கும் நேரத்துக்கு ஒரு விதி உண்டு. 1952-இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் சில விளக்குகளையும் மோர்ஸ் சாவிகளையும் வைத்து ஒரு சோதனை செய்தார். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய சாவியை அழுத்த வேண்டும். விளக்குகள் கூடக் கூட நேரமும் கூடியது. ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. வாய்ப்புகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ரே ஹைமனும் இதையே வேறு வழியில் உறுதிசெய்தார். பயிற்சியால் அந்தக் கூடுதல் நேரத்தைக் குறைக்கலாம், நன்றாகப் பழகிய வேலையில் அது கிட்டத்தட்ட மறைந்தும் போகும். ஆனால் அந்தப் பயிற்சி அதே வேலையில் கிடைத்திருக்க வேண்டும்.

இதைத் தடுப்பாட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். லைன்பேக்கர் பார்ப்பது எதிரணி முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதை. ஸ்லாட்டில் நிற்பவர் ரிசீவரின் இடுப்பைப் பார்க்கிறார். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஆழத்தில் நிற்கும் சேஃப்டிக்குக் குவார்ட்டர்பேக்கின் கண்ணும் இரண்டு ரிசீவர்களின் பாதையும் முக்கியம். மூன்று இடத்துக்கும் மூன்று குறிப்புப் பட்டியல், மூன்று பதில் பட்டியல். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் விதிப்படி பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அணிப் பயிற்சி. அதை ஐந்து வேலைக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மிஞ்சும்?

கல்லூரியில் சிம்மன்ஸுக்கு இது ஏன் இடிக்கவில்லை? ஒரு காரணம் கிளெம்சனின் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் பிரென்ட் வெனபிள்ஸ். எதிரணியைக் குழப்புவதில் பெயர்போனவர். இன்னொரு காரணம் களத்தின் வடிவியல், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் இடத்தைக் கட்டுப்படுத்தும் ஹேஷ் கோடுகள் கல்லூரிக் களத்தில் 40 அடி இடைவெளியில் இருக்கும். தொழில்முறைக் களத்தில் அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். மொத்த அகலம் இரண்டிலும் 160 அடி. ஆகவே கல்லூரியில் பந்து ஒரு ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. என்எஃப்எல்லில் அதே நிலையில் 71 அடியும் 89 அடியும். அந்தப் பரந்த பக்கத்தில் அலைந்து மேய ஒரு பெரிய, வேகமான ஆள் கிடைத்தால் கல்லூரி அணிக்குப் பொக்கிஷம். தொழில்முறைக்கு வந்ததும் அந்தப் பொக்கிஷத்தின் மதிப்பு கொஞ்சம் இறங்கிவிடுகிறது. விதியும் மாறுகிறது: கல்லூரியில் பாஸ் போடும்போதும் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை ஆட்கள் 3 கெஜம்வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் 1 கெஜம்தான். கார்டின் அசைவை வைத்து ஓட்டமா பாஸா என்று படிக்கிற கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு பாடப்புத்தகம்.

சரி, என்ன நடந்தது? சிம்மன்ஸை அரிசோனா கார்டினல்ஸ் எட்டாவது ஆளாக எடுத்தது. அந்த ஆண்டு கொரோனாவால் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களே இல்லை. நேராகக் களத்தில் இறக்கி, லைன்பேக்கராக நிறுத்தினார்கள். முதல் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ரஹீம் மோஸ்டர்ட் பாஸ் ஒன்றைப் பிடித்து 76 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச் டவுன் போட்டார். அவரைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சிம்மன்ஸ் இல்லை. 4.39 விநாடி வேகம் அன்று உதவவில்லை. தவறியது முதல் அடி. அதன் பிறகு அவரை அதிகம் இறக்கவில்லை. ஆனால் அக்டோபரில் சியாட்டிலுக்கு எதிரான கூடுதல் நேரத்தில் ரஸ்ஸல் வில்சனின் பாஸைப் பறித்து வெற்றிக்கு வழி வகுத்ததும் இவர்தான். திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021-இல் உள் லைன்பேக்கர், 2022-இல் ஸ்லாட்டும் சேஃப்டியும் கலந்த வேலை, 2023-இல் புதிய பயிற்சியாளர் வந்ததும் பின்வரிசை. அந்த ஆகஸ்டிலேயே நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். விலை, ஒரு ஏழாவது சுற்றுத் தேர்வு. எட்டாம் எண்ணில் வந்தவருக்கு அது கிட்டத்தட்ட இலவசம்.

ஹாமில்டனைப் பால்டிமோர் ரேவன்ஸ் 14-ஆவதாக எடுத்தது. அங்கே ஒருங்கிணைப்பாளர் மைக் மெக்டொனால்ட் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். முதல் ஆண்டே எல்லாவற்றையும் தலையில் ஏற்றவில்லை. ஆழத்தைக் காக்க வேறு இரண்டு சேஃப்டிகள் இருந்ததால், ஹாமில்டனை ஸ்லாட்டை ஒட்டியே அதிகம் வைத்தார். அந்த ஒரு பட்டியல் கை வந்த பிறகுதான் மற்றவை சேர்ந்தன. 2023 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார், ஒரு சேஃப்டிக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை. அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் முதல்நிலை. 2025 ஆகஸ்டில் நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம். அன்றைய தேதியில் சேஃப்டிகளில் அவரே அதிகச் சம்பளக்காரர்.

இரண்டு பேரை வைத்து விதி எழுதிவிட முடியாது. சிம்மன்ஸ் பால்டிமோருக்குப் போயிருந்தால் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. டிராஃப்ட் கணிப்பே தள்ளாட்டமான தொழில்: பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் செய்த ஆய்வில், ஒரே இடத்துக்கு முன்னதாக எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். இடமே எது என்று தெரியாத ஆளுக்கு அந்தக் கணக்கு இன்னும் குழம்பத்தானே செய்யும்? சிந்திக்கும் திறனை அளக்க கம்பைனில் வைத்திருந்த வொண்டர்லிக் தேர்வையும் 2022-இல் கைவிட்டார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்டு ஸ்லாட்டில் நிற்கும் கண்ணை அளக்க முடியாது என்பது என்னவோ உண்மைதான். பந்து கையைவிட்டுப் போகும் கணத்தில் காணொளியை நிறுத்தி 'எங்கே விழும்?' என்று கேட்கும் சோதனை முறையே இதற்கு மேல். கிரிக்கெட் பேட்ஸ்மேன்களிடமும் இறகுப்பந்து வீரர்களிடமும் அதைப் பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறார்கள்.

மெக்டொனால்ட் 2024-இல் சியாட்டில் சீஹாக்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். மறு ஆண்டு டிராஃப்டில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் நிக் எமன்வோரியைப் பற்றி அதே சண்டை: 6 அடி 3 அங்குலம், 100 கிலோ, 4.38 விநாடி, ஆனால் சேஃப்டியா லைன்பேக்கரா? முதல் சுற்றில் அவரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் 52-ஆவது, 82-ஆவது தேர்வுகளைக் கொடுத்து 35-ஆம் இடத்துக்கு ஏறி வந்து எடுத்தது சியாட்டில். எடுத்ததும் அவரை நிறுத்திய இடம், ஹாமில்டன் தொடங்கிய அதே ஸ்லாட்.